பிரிக்கத் தெரிந்தால் போதுமா?

தோட்டத்தில் ஒரு பையன் பழைய பிக்கப் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டுப் பின்புறம் நிறுத்திவிட்டால் போதும், லயத்தில் அன்று வேறு பேச்சே இராது. "இரும்புக் கடைக்குப் போறதக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான் பாரு" என்பார் ஒருவர். "படிக்கச் சொன்னா படிக்கல, இப்போ கறுப்பு எண்ணெயப் பூசிக்கிட்டு நிக்கிறான்" என்று பெற்றவள் புலம்புவாள். கூட்டாளிகளோ, அவன் முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவனை மெக்கானிக் ஆக்கிவிடுவார்கள்.

ஏசுகிறவர்களும் சரி, தட்டிக் கொடுக்கிறவர்களும் சரி, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. பையன் இஞ்சினைப் பிரித்தானா என்பது பெரிதல்ல. அளந்தானா? நம் பிள்ளைகள் ஒர்க்ஷாப்பில் பதினைந்து, இருபது வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற கையாகவே நின்றுவிடுகிறார்கள். முதல் போட வழியில்லாததும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கழற்றுவதும் மாட்டுவதும் தெரிந்து, நடுவில் இருக்கிற அளவு தெரியாமல் போவது அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஒரு பையன். வயது இருபது. குலை ஏற்றும் லோரியில் கெலிண்டான் வேலை. கம்பத்து வீடு ஒன்றின் கொட்டகையில் பல வருஷமாகக் கிடந்த டாட்சன் 1200 பிக்கப்பை வாங்கி வந்தான். அந்த ரகம் 1971இல் வெளிவந்தது. சின்ன வண்டி, நான்கு சிலிண்டர், பெட்ரோல் இஞ்சின், கார்புரேட்டர். ஜப்பானில் 1994 வரை செய்தார்கள்; தென்னாப்பிரிக்காவில் அதே உடம்பில் கொஞ்சம் பெரிய இஞ்சினை வைத்து 2008 வரையில் செய்தார்கள். அதில் இருக்கும் ஏ12 என்ற இஞ்சின்தான் ஒரு காலத்தில் நம் நாட்டுச் சடக்கெல்லாம் ஓடிய டாட்சன் 120ஒய் காடியிலும் இருந்தது. டாட்சன் என்ற பெயரை எடுத்துவிட்டு நிசான் என்று போட்டது 1980களில். தெரியாதவன் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இஞ்சின் கிடைப்பது கஷ்டம். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பையன் என்ன செய்தான்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டான். வால்வுகளெல்லாம் ஒரு வாளியில். போல்ட்டெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். பிஸ்டன் நான்கும் சிமெண்டுத் தரையில் வரிசையாக. கூட்டாளி ஒருவன் போட்டோ பிடித்தான். அதோடு சரி, இரண்டு மாதம் வண்டி அசையவில்லை.

அப்புறம் அந்தத் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, இதுல எந்த கேப் எந்த ராடோடது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பையனுக்குக் கேள்வியே புரியவில்லை.

பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு பிணைக்கிற கனெக்டிங் ராடு இரண்டு துண்டாக இருக்கும். மேல் துண்டும், அடியில் போல்ட் போட்டுக் கவ்வுகிற கேப்பும். இந்த இரண்டையும் ஒன்றாக மாட்டி வைத்துத்தான் தொழிற்சாலையில் வட்டத் துளை போடுகிறார்கள். அதனால் ஒரு ராடின் கேப் இன்னொரு ராடுக்குப் பொருந்தியது போலத் தெரியும், ஆனால் பொருந்தாது. துளை வட்டமாக இராது. மாற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் மெட்டல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ராடின் பக்கவாட்டில் நம்பர் குத்தியிருக்கும். அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். நல்ல காலம், அந்த நான்கிலும் நம்பர் இருந்தது. பையன் தப்பித்தான். வால்வுகளுக்கு அப்படி நம்பர் ஏது? ஒவ்வொரு வால்வும் தன் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து அதற்குப் பழகியிருக்கும். எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போனதால் எல்லாவற்றையும் புதிதாக அரைத்து உட்கார வைக்கவேண்டியதாயிற்று. முட்டை அட்டை ஒன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக் குத்தி வைத்திருந்தால் அந்தச் செலவு இல்லை. முட்டை அட்டை எந்தக் கடையிலும் சும்மா கொடுப்பார்கள்.

பிரிப்பதற்கு முன்னாலேயே செய்யவேண்டியது ஒன்றும் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து இஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்ப்பது. நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் கொஞ்சம் கறுப்பு எண்ணெய் விட்டு மறுபடியும் பார்க்கவேண்டும். அளவு ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. எண்ணெய் போய் அந்தச் சந்தை அடைத்துவிட்டது. ஏறவில்லையென்றால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அரைமணி நேர வேலை. டாக்டர் நாடி பார்க்காமல் வயிற்றைக் கிழிப்பாரா? நம்மில் பலர் இஞ்சினுக்கு அதைத்தான் செய்கிறோம்.

பெரியவர் சொன்னபடி பையன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினான். இரவல் மைக்ரோமீட்டர் வந்தது. அந்த இஞ்சினின் சிலிண்டர் புதிதில் 73 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 70 மில்லிமீட்டர். இஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றினால், ஒரு வினாடிக்குள் பிஸ்டன் ஐம்பது தடவை மேலே போய் ஐம்பது தடவை கீழே வருகிறது. இப்படி எத்தனையோ வருஷம் உரசிய சுவர் தேயாமல் இருக்குமா? தேய்மானமும் ஒரே சீராக இராது. மேல் ரிங் உரசுகிற உச்சியில் அதிகம், அடியில் குறைவு. சுமார் 0.2 மில்லிமீட்டர் தேய்ந்தாலே சிலிண்டரைப் போரிங் போடவேண்டும் என்பது கணக்கு. தலைமுடி மூன்றைச் சேர்த்து வைத்தால் வருகிற கனம் அது. விரலால் தடவிப் பார்த்து, "வழவழன்னுதானே இருக்கு, ரிங் மட்டும் மாத்துனா போதும்" என்று சொல்கிற வாத்தியார்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் விரலுக்கு மூன்று முடி தெரியாது. புது ரிங்கைப் போட்டு மாட்டி, கொஞ்ச நாளில் பின்னால் மறுபடியும் நீலப் புகை வந்ததும், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று பழியை வண்டி மேல் போட்டுவிடுவார்கள்.

பையன் அளந்தபோது உச்சியில் தேய்மானம் அந்த அளவைத் தாண்டியிருந்தது. பட்டணத்தில் போரிங் போடும் கடைக்கு பிளாக்கைக் கொண்டுபோனான். அங்கே இருந்த தவுக்கே முதலில் கேட்டது, "பிஸ்டன் வாங்கியாச்சா?" என்றுதான். கடைக்காரர் நல்லவர். பெரிய அளவுப் பிஸ்டன்கள் 0.25, 0.50 என்று படிப்படியாக வரும். முதலில் சிலிண்டரை அகலப்படுத்திவிட்டு, பிறகு அந்த அளவுப் பிஸ்டன் கிடைக்கவில்லையென்றால் பிளாக் வீண். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து, அதற்குத் தக்கபடி துளையிடவேண்டும். பழைய வண்டிக்கு இது முக்கியம். சாமான் கடையில் எல்லா அளவும் அடுக்கி வைத்திருக்கமாட்டார்கள்.

ரிங்குக்கும் ஓர் அளவு இருக்கிறது. ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் போல ஒரு சந்து இருக்கவேண்டும். எவ்வளவு என்பதை அந்தந்த இஞ்சினுக்குரிய புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளிவிட்டு, ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்ப்பது. சந்து இல்லாமல் மாட்டினால், சூட்டில் ரிங் நீண்டு முனையும் முனையும் முட்டிக்கொள்ளும். பிறகு அது போக இடம் சுவர்தான். சிலிண்டரைக் கீறிவிடும், அல்லது உடைந்துபோகும். புது ரிங் டப்பாவில் இருந்து வருகிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஹெட்டை இறுக்குகிற விஷயத்தில் நம் ஆட்களோடு எனக்கு ஓயாத சண்டை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது வீரம் என்று நினைக்கிறோம். இந்த இஞ்சினின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் வளையும். நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்துப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கவேண்டும். "எனக்குக் கையிலயே தெரியும்" என்கிறவருக்குக் காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. பசித்த வயிற்றில் இன்னொரு கை. அதே அலுமினியத்தால்தான் ரேடியேட்டருக்குள் வாய்க்கால் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதும். உள்ளே அரித்துத் தின்றுவிடும். கூலண்ட் வாங்குகிற காசை மிச்சம் பிடித்து ஹெட்டை இழந்தவர்கள் உண்டு.

"இதெல்லாம் யார் சொல்லித் தருவா?" என்று கேட்கலாம். இஞ்சின் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. கைப்பேசியில் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. பாதி நல்லவை, பாதி வேடிக்கை. நமக்குப் பக்கத்திலேயே ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். கித்தாத் தோட்டக் காலத்தில் பேக்டரி இஞ்சினையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொண்டவர்கள், டிராக்டரைப் பிரித்து மாட்டியவர்கள். தோட்டங்கள் 1980, 1990களில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விலைபோனபோது அந்த ஒர்க்ஷாப்புகளும் அவற்றோடு போயின. ஆட்கள் பிள்ளைகள் வீட்டில், அடுக்கு மாடியில், டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன் போய், "தாத்தா, இதக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டால் வராமலா இருப்பார்கள்? கூப்பிடுவதற்குத்தான் நம் இளைஞர்களுக்கு வெட்கம்.

காசு விஷயத்தை மறைக்காமல் பேசிவிடவேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. போரிங், பிஸ்டன், ரிங், மெட்டல், கேஸ்கெட், வால்வு வேலை எல்லாம் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடிந்துவிடும் என்று யாரும் நம்பவேண்டாம். ஹாஃப்கட் கடையில் ஓடுகிற இஞ்சின் கிடைத்தால் அதைத் தூக்கி வைப்பது சுலபம், பல சமயம் மலிவும்கூட. பணத்துக்காக மட்டும் பார்த்தால் ஓவர்ஹால் செய்வது கட்டாது. அந்தக் காசை ஒரு படிப்புக்குக் கட்டுகிற பீஸ் என்று வைத்துக்கொண்டால்தான் கட்டும். ஆகவே தீபாவளிக்கு வைத்திருக்கிற போனசை மொத்தமாக அள்ளி இதில் கொட்டவேண்டாம் என்று பையன்களுக்குச் சொல்வேன். மாதம் ஒரு சாமான் வாங்குங்கள். சாமானுக்கு முன்னால் அளக்கிற கருவியை வாங்குங்கள். ஃபீலர் கேஜ் ஒன்றும் பெரிய விலையில்லை. டார்க் ரெஞ்சை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம்.

அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் கை கறுப்பாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன. முழு இஞ்சின் சுமார் இரண்டு சிமெண்டு மூட்டைக் கனம். அதை ரம்புத்தான் மரக்கிளையில் செயின் கட்டித் தொங்கவிட்டு, அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பான். அதைத் தடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பான். கட்டையும் ஸ்டாண்டும் வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோலில் சாமான் கழுவுவான், நாலு அடி தள்ளி நீங்கள் விறகு அடுப்பு மூட்டியிருப்பீர்கள். லய வீடு ஒன்று பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். மண்ணெண்ணெயோ டீசலோ போதும், அதுவும் அடுப்புக்கு வெகுதூரத்தில். பழைய கறுப்பு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் டின்னில் பிடித்து ஒர்க்ஷாப்பில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் பக்கத்தில்தான் நம் கோழியும் பிள்ளையும் திரிகின்றன.

அந்தப் பையனின் இஞ்சின் கடைசியில் ஓடியது. முதலில் பிளக் இல்லாமல் சுற்றவிட்டு எண்ணெய் மேலே ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு 1-3-4-2 என்ற வரிசையில் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று மாறி உட்கார்ந்திருந்ததால் முதல் நாள் கார்புரேட்டர் வழியாகப் படார் படார் என்று அடித்தது. மறுநாள் சரி செய்தார்கள். புது ரிங் படிகிற வரைக்கும் பாரம் ஏற்றக்கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடவிடக்கூடாது, கொஞ்ச தூரத்திலேயே எண்ணெயை மாற்றிவிடவேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதன்படியே தோட்டத்து மண்பாதையில் மட்டும் ஓட்டிப் பார்த்தான்.

சடக்குக்கு எடுத்துப் போகலாம் என்று ஜே.பி.ஜே. வேலையைத் தொடங்கியபோதுதான் அடுத்த இடி. கிராண்டில் ஓர் இஞ்சின் நம்பர், பிளாக்கில் வேறு நம்பர். எப்போதோ ஒரு பழைய சொந்தக்காரர் 120ஒய் காடியின் இஞ்சினை எடுத்து இதில் வைத்திருக்கிறார், எழுதி மாற்றவில்லை. ஒரே ரக இஞ்சின் என்பதால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இப்போது சோதனைக்குக் காட்டி, அனுமதி வாங்கி, கிராண்டைத் திருத்தவேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிற தம்பிகளே, பெயிண்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு துணியும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். இஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் துடைத்துக் கிராண்டோடு ஒத்துப் பாருங்கள். விற்கிறவர் பெயரிலேயே கிராண்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். செத்துப்போனவர் பெயரில் இருக்கிற வண்டியை வாங்கிவிட்டு, வாரிசுகளைத் தேடி அலைகிறவர்களும் உண்டு.

இனி, எல்லாவற்றிலும் நான் பெரிதாக நினைக்கிற விஷயம். "பழைய இஞ்சினப் படிச்சு என்ன புண்ணியம், இப்போ வர்ற காடியெல்லாம் கம்ப்யூட்டர்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த பெட்ரோல் காடியிலும் தோட்டத்து டீசல் ஹைலக்ஸிலும் பிஸ்டன் இருக்கிறது, ரிங் இருக்கிறது, அவற்றுக்கு அளவும் இருக்கிறது. குறை அதுவல்ல. நம் பிள்ளைகளிடம் தொழில் இருந்தும் தாள் இல்லை. பத்து வருஷம் ஒர்க்ஷாப்பில் இருந்தவன் வேறு இடத்தில் போய் நின்றால் மறுபடியும் கையாள் சம்பளம்தான், ஏனென்றால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அதற்கு வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை கொடுக்கிற மலேசியத் திறன் சான்றிதழை, எஸ்.கே.எம். என்பார்களே, அதைக் கல்லூரியில் உட்கார்ந்து படித்துத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர்களுக்கு பி.பி.டி. என்ற முறை உண்டு. ஏற்கெனவே பெற்ற திறமையை அங்கீகரிப்பது என்று அர்த்தம். தான் செய்த வேலைகளை ஆதாரத்தோடு கோப்பாகச் சேர்த்துக் கொடுக்கவேண்டும், மதிப்பீடு செய்கிறவர்கள் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. நாள் போட்டு எழுதிய அளவு, போட்டோ, சாமான் ரசீது, வேலை கொடுத்தவரின் கடிதம், இவையெல்லாம் செல்லும். நம் ஆட்களில் எத்தனை பேர் இதற்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்? தொழிற்சங்கக் கூட்டத்தில், கோயில் கூட்டத்தில் இதை ஒருவர் எழுந்து விளக்கிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு பிக்கப்பைச் செய்து முடித்ததற்காக மட்டும் அந்தப் பையனுக்குச் சான்றிதழ் கிடைக்காது. இஞ்சின் என்பது அந்தத் தொழிலில் ஒரு பகுதிதான். ஆனால் அவன் நோட்டுப் புத்தகத்தில் நான்கு சிலிண்டரின் தேய்மானமும், ரிங் சந்தும், கிராங்க் ஷாஃப்டின் அளவும் தேதி போட்டு இருக்கின்றன. பட்டணத்து ஒர்க்ஷாப் ஒன்றில் வேலை கேட்டபோது அவன் எடுத்துக் காட்டியது அதைத்தான். சனிக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரேக்கும் கியர் பாக்ஸும் அங்கே பார்க்கலாம். வயரிங் பற்றி இன்னும் ஒரு பக்கமும் எழுதவில்லை. கிராண்ட் திருத்துகிற பாரத்தையும் இன்னும் கொடுக்கவில்லை. அதற்கு அரைநாள் லீவு வேண்டும், மண்டோர் இந்த மாதம் குலை அதிகம் என்கிறார்.